மயிலும் கோழியும் மாமனாரின் துண்டும்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால், "தூக்கம்" என்று எந்த ஆணும் உண்மையைச் சொல்வதில்லை. நான் "ஓவியம்" என்று சொல்லித் தொலைத்தேன். எனக்குத் தெரிந்த ஓவியம் மொத்தமே இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன், பக்கத்தில் ஒரு குடிசை. அதிலும் சூரியன் கோணலாகத்தான் உதிக்கும். ஆனால் கேட்டவர் பெண்ணின் அப்பா, ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். அவர் மீசையைப் பார்த்ததும், எதையாவது ஒப்புக்கொண்டால்தான் வெளியே விடுவார்கள் என்று தோன்றிவிட்டது.

கல்யாணமான முதல் ஜூனில் சாரலுக்குத் தென்காசியில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தோம். மாப்பிள்ளை மரியாதை உச்சத்தில் இருந்த காலம். (நான் தும்மினால் அத்தை சுக்குக் காப்பி போடுவார்.) சனிக்கிழமை மத்தியானம், மனைவி கோமதியின் அக்கா ஒரு கட்டு நோட்டுகளோடு வந்து நின்றார். எனக்கு மதினி முறை. அவர் மகள் யாழினி திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் பாடத்தின் பெயர் எழுதி, படம் வரைந்து, அலங்காரம் செய்து அனுப்பவேண்டுமாம். அதை ஆறு வயதுப் பிள்ளை செய்யாது என்று பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். பரீட்சை பெற்றோருக்குத்தான்.

"கோமதி சொன்னா, நீங்க ரொம்ப நல்லா வரைவியளாமே! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அவங்க அப்பா நேத்தே முடிச்சிட்டாவ. நம்ம வீட்லயே ஆர்ட்டிஸ்ட் இருக்கும்போது எனக்கு என்ன கவல?" என்றார் மதினி.

கோமதியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தவிர, வரையத் தெரியாது என்று சொன்னால், அன்றைக்குச் சொன்னதில் வேறு எதெல்லாம் பொய் என்று மாமா விசாரணையைத் தொடங்கிவிடுவார். (உயரத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருந்தேன்.) "கொடுங்க, பாத்துக்கலாம்" என்றேன். தனித்தாளில் வரைந்து நோட்டில் ஒட்டிக்கொள்வதாக ஏற்பாடு. அன்று எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை அதுதான்.

தமிழ் நோட்டுக்கு மயில் வேண்டும் என்றாள் யாழினி. நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, இது கோழியா?"

"மயில்மா."

"தோகைய எங்க?"

"மழையில நனைஞ்சு சுருங்கியிருக்கு."

அவள் நம்பவில்லை. கணக்கு நோட்டுக்கு வரைந்த யானையைப் பன்றி என்றாள். ஆங்கில நோட்டின் ஆப்பிளைத் தக்காளி என்றாள். வரையத் தெரியாதவனுக்குத் தெய்வம் அனுப்பிய துணை ஜிகினாத்தூள். பச்சை, நீலம், தங்கம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படங்களின் மேல் கொட்டினேன். பசை தீரப்போனதால் அதில் தண்ணீர் கலந்து பெருக்கிக்கொண்டேன். முடித்தபோது கோழி உண்மையிலேயே மயிலாகிவிட்டது. "சூப்பர் சித்தப்பா!" என்று யாழினி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் கலைஞன்தானோ?

சாரல் காலத்தில் தென்காசியில் எதுவும் லேசில் காயாது. கூடத்தில் கொடி கட்டி, வீட்டுத் துணியெல்லாம் மின்விசிறிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாள்களையும் அதே கொடியில் கிளிப் போட்டு மாட்டி, விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். கீழே நாற்காலியின் முதுகில் மாமாவின் தேங்காய்ப்பூ துண்டு விரித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஞாயிறு காலை, "வாங்க மாப்ள, ஒரு குளிய போட்டுட்டு வந்துருவோம்" என்று மாமா குற்றாலத்துக்கு அழைத்துப்போனார். துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதலில் எண்ணெய்க் குளியல். தேய்த்துவிடுபவர் மாமாவை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அறைந்து பிசைந்தார். பிறகு அருவியில் நின்றோம். எண்ணெய் பாதிதான் போனது. வெளியே வந்த மாமா, போலீஸ்காரருக்கே உரிய வேகத்தில், முகம், மீசை, மார்பு எல்லாவற்றையும் அந்தத் துண்டால் அழுத்தித் துவட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். மாமா ஜொலித்தார்! மீசையில் தங்கம், நெற்றியில் நீலம், மார்பு முழுக்கப் பச்சை.

"ஏலே, இங்கன பாரு! வேஷம் கட்டிட்டு வந்திருக்காவ!" என்று ஒரு பையன் கத்தினான். இரண்டு பேர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, பந்தோபஸ்துக்கு நின்ற காவலர் ஒருவர் ஓடிவந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். மாமாவிடம் வேலை பார்த்தவராம்.

"ஐயா, வணக்கம்யா!" என்றவர் மேலும் கீழும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "ஐயா... கோயில் கொடைக்கு வேஷம் எதும் நேர்ந்திருக்கியளா?"

மாமா நடந்துபோய் எங்கள் பைக் கண்ணாடியில் முகம் பார்த்தார். அதே துண்டால் துடைத்தார். இன்னும் ஜொலித்தார்.

"மாப்ள, இது என்னது?"

"ஜிகினா மாமா. மயிலுக்குப் போட்டது."

"மயிலுக்கு எதுக்கு இம்புட்டு?"

"எனக்கு வரையத் தெரியாது மாமா."

"அப்போ பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சொன்னது?"

"பொய் மாமா. உயரமும் பொய்தான்."

கேட்காததையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். மாமாவின் மீசை துடித்தது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தங்கம் உதிர்ந்தது.

வீட்டு வாசலில் யாழினி தாளோடு நின்றுகொண்டிருந்தாள். ஜிகினா முழுவதும் துண்டுக்குப் போய்விட்டதால் மயில் மொட்டையாக இருந்தது. "சித்தப்பா, மயிலு திரும்பக் கோழியாயிட்டு!" என்றாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். பின்னால் வந்த தாத்தாவைப் பார்த்ததும் அவள் கண்கள் விரிந்தன. "அம்மா, மயிலு தாத்தா மேல ஏறிட்டு!" என்று குதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கோமதி எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். திங்கட்கிழமை அந்தப் படத்தைக் கோழி என்று சொல்லியே யாழினி நோட்டைக் காட்டினாள். டீச்சர் ஸ்டார் போட்டார்.

அதிலிருந்து என் சுக்குக் காப்பி நின்றுபோனது. மாமா எப்போது குற்றாலம் கிளம்பினாலும், என் கண்ணுக்கு முன்னால் துண்டைப் படபடவென்று உதறிவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டில் எல்லோருக்கும் அதே பழக்கம். என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. இந்தச் சாரலுக்கு அவளையும் அருவிக்கு அழைத்துப்போனோம். அங்கே யாரோ ஒரு பெரியவர் குளித்துவிட்டு வந்து துவட்டத் துண்டை எடுத்தார். இவள் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"தாத்தா, தாத்தா, உதறிட்டுத் துவட்டுங்க! எங்க அப்பா வந்திருக்காங்க!"