மீசைக்கு உகந்த மாதம்

மாமல்லபுரத்துக்குப் போக எந்த மாதம் தோது என்று வேங்கடாசலத்தைக் கேட்டால், போகக் கூடாத மாதங்கள் என்று பன்னிரண்டையும் சொல்வார். சித்திரையில் பாறை தோசைக்கல்லாகச் சுடும். ஆடியில் காற்று ஆளைத் தூக்கும். மார்கழியில் பனி, மாசியில் கூட்டம். ஆந்திரப் பக்கம் பாகாலாவில் டயர் கடை வைத்திருக்கும் மனிதருக்குக் கடற்கரை ஊரின் தட்பவெப்பம் இவ்வளவு தெரிந்திருப்பது அவர் மனைவி கன்னிகாவுக்கே ஆச்சரியம்தான்.

காரணம், மீசை. கன்னிகாவின் அண்ணன் ஏகாம்பரம் மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தில் வேலை செய்கிறவர். ஒரு கல்யாணப் பந்தியில் போனில் படம் ஒன்றைக் காட்டினார். பாறைச் சரிவில் ஓர் உருண்டைக் கல். ஒருத்தர் ஒற்றைக் கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தார். இதுவரை யாராலும் அசைக்க முடியாத கல் என்றார் ஏகாம்பரம்.

"இதையா யாராலயும் அசைக்க முடியல? நான் தள்ளறேன் மச்சான். முடியலன்னா அங்கயே இந்த மீசைய எடுத்துர்றேன்."

பாயசம் தந்த தைரியத்தில் வேங்கடாசலம் சொல்லிவிட்டார். ஏகாம்பரம் உடனே கையில் அடித்துப் பந்தயத்தை உறுதி செய்துவிட்டார். படத்தில் இருந்தவர் கல்லுக்கு ரொம்பத் தள்ளி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதும், கல் ஒரு வீடளவு பாறை என்பதும் கை கழுவப் போன இடத்தில்தான் தெரிந்தது. லாரிக்காரர்களெல்லாம் வேங்கடாசலத்தை தெலுங்கில் 'மீசால அன்னா', மீசைக்கார அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை போய்விட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது டயர்தான்.

ஆனால் கன்னிகா விடுவதாக இல்லை.

"ஒத்தக் கல்லுல செதுக்கின ரதத்தப் பாக்கணும். அண்ணனப் பாக்கணும். ஒரு மாசத்தச் சொல்லு மாமா."

வேங்கடாசலத்துக்கு அன்றைக்கு மூளை நன்றாக ஓடியது. "கார்த்திகை," என்றார். "அதான் சீசன். வெயில் உறைக்காது."

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமா. கார்த்திகை பொறந்த மறுநாளே."

விஷயம் இதுதான். கார்த்திகை முதல் தேதி குருசாமி நாகையா அவருக்கு ஐயப்பன் மாலை போடுவதாக ஏற்பாடு. மாலை போட்டவர் முகத்தில் கத்தி படக்கூடாது. கல்லும் அசையாது, மீசையும் அசையாது. விரதம் முடிவதற்குள் மச்சான் மறந்துவிடுவார்.

தீபாவளி முடிந்த கையோடு ஒருநாள் காலையில் கன்னிகா புதுப்புடவையில் நின்றாள். பக்கத்தில் பை.

"எங்க கெளம்பிட்ட?"

"மாமல்லபுரம். நேத்து கார்த்திகை பொறந்துச்சி."

"இன்னா பேசற? இது ஐப்பசி."

"அது தமிழ்க் காலண்டர்ல. தெலுங்குக் காலண்டரப் பாரு. தீபாவளி அமாவாசை கழிஞ்சா கார்த்தீகம். ஊரே வெளக்கேத்திக்கினு கீது."

"நாம தமிழுங்க கன்னிகா."

"கடை போர்டு தெலுங்கு. பஞ்சர் ஒட்ட வர்றவனத் திட்றதும் தெலுங்கு. மாசம் மட்டும் தமிழா? சத்தியம் பண்ணப்ப எந்தக் காலண்டர்னு சொன்னியா?"

சொல்லவில்லை. வேங்கடாசலம் மெதுவாக நழுவினார். கொல்லைப்பக்கம் போய் நாகையாவுக்குப் போன் போட்டார்.

"குருசாமி, இப்பவே மாலை போட்டுருங்க."

"கார்த்திகை ஒன்னாந் தேதிக்கு முன்னால நான் யாருக்கும் போடறதில்ல."

குருசாமி தமிழ்க் காலண்டர்க்காரர்.

திருப்பதி வரைக்கும் பஸ்ஸில் அவர் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். மச்சான் கத்தியோடு நிற்பதும், சொந்தக்காரர்கள் சுற்றி நின்று வீடியோ எடுப்பதும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. இடையில் கன்னிகா யாரிடமோ போனில் பேசியதுகூட அவர் காதில் விழவில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிமிர்ந்தால் எதிரே மலை. அப்போதுதான் வழி பிறந்தது.

"கன்னிகா, மேல போயிட்டு அப்பால மாமல்லபுரம் போலாம். மொட்டை போடறதா வேண்டிக்கினேன். மறந்தே போச்சி."

"எப்ப வேண்டிக்கின?"

"அது எனக்கும் சாமிக்கும்."

கன்னிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "சரி. சாமி காரியம்," என்றாள்.

திருமலையில் தலைமுடி போனது. பின்னாலேயே மீசையும் போனது. கண்ணில் நீர் கட்டினாலும் மனசு குளிர்ந்துவிட்டது. சாமிக்குக் கொடுத்த மீசை, மச்சானிடம் தோற்ற மீசை ஆகாது. மொட்டையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, ஜெயித்தவர் நடை நடந்து வெளியே வந்தார்.

"வா, பஸ் புடிக்கலாம். அந்தக் கல்ல ஒரு கை பாக்கறேன்."

"இப்ப எங்க போறது? அங்க மழை கொட்டிக்கினு கீதாம். புயல் வேற வருதாம். தைதான் நல்ல சீசன், அப்ப வாங்கன்னு அண்ணன் போன்ல சொல்லிச்சி."

"எப்ப சொன்னாரு?"

"பஸ்ல வர்றப்பவே."

வேங்கடாசலத்தின் கை தானாக மூக்குக்குக் கீழே போனது. வழவழவென்று இருந்தது.

"பஸ்ஸ விட்டு எறங்கினதும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ வேண்டுதல்னுட்ட. சாமி காரியத்துல நான் குறுக்க பேசலாமா?" என்றாள் கன்னிகா. பையைத் தூக்கி அவர் தோளில் மாட்டினாள். "நீ உள்ள போனதும் அண்ணன் கிட்ட மொட்டையப் பத்திச் சொன்னேன். பரவால்ல, தைக்குள்ள மொளைச்சிடும், பந்தயத்த அப்ப வச்சுக்கலாம்னு சொல்லிடுச்சி."