ஏரிப் பக்க ஜன்னல்

நான் பூகோள வாத்தியார். கண்ணைக் கட்டிவிட்டு உலக உருண்டையைச் சுழற்றினாலும், விரல் பட்ட இடத்தைச் சொல்லிவிடுவேன். கடல் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவன் முதல்முறையாக எல்லை தாண்டி, வெளிநாட்டு ரயிலில், மனைவியோடு போனேன். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பெரிய ஏரிக்காகத்தான் பயணமே. கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்த ஏரி அது. நீல சாக்பீஸ் தீர்ந்துபோன வருடங்களில் பச்சையாகக்கூட வரைந்திருக்கிறேன். அதை ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாரப் பார்க்க வேண்டும், என் கையாலேயே படம் எடுத்து ஆசிரியர் அறையில் மாட்ட வேண்டும். ஹெட்மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது. சுவரில் ஆணியும் அடித்தாகிவிட்டது.

எங்களுக்கு இரண்டு ஜன்னல் கிடைத்தது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நான் வரைபடத்தை விரித்தேன். ரயில் போகும் திசைக்கு இடப்பக்கம் ஏரி. வலப்பக்கம் வெறும் பாறை.

"நீ வலது பக்கம் உட்காரு. அங்கதான் வெயில் படாது. உன் தலைவலிக்கு நல்லது."

"திடீர்னு என் தலை மேல என்னங்க இவ்வளவு அக்கறை?"

"இன்னொண்ணு. தெரியாத ஊரு. யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்காத. நான் பேசிக்கறேன்."

அந்த ஊர் மொழியை நான் போனில் படித்து வைத்திருந்தேன். 'ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது' வரை வந்திருந்தேன். அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

வண்டி கிளம்பியதும் எதிர் சீட் தொப்பிக்காரரிடம், ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்றேன். அவர் தன் பையைக் குடைந்து பார்த்தார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

அந்தப் பக்கம் என் மனைவி, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பச்சைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பேரனுக்கா? கழுத்தைக் கொஞ்சம் அகலமா விடுங்க. அப்புறம் தலை நுழையாது."

அந்தம்மா தன் மொழியில் ஏதோ சொன்னார். பின்னியதில் கொஞ்சம் பிரிக்கவும் செய்தார்! பிறகு என் மனைவியின் சீப்பை வாங்கி மடியில் வைத்து, முன்னால் தள்ளினார். நிறுத்தினார். பின்னால் இழுத்தார். கைகளை அகல விரித்துக் காட்டினார். கூந்தல் விவகாரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சற்று நேரத்தில் மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏங்க, இடம் மாத்திக்கலாமா?"

விரித்திருந்ததை அவசரமாக மடித்தேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டாளோ?

"எதுக்கு?"

"அப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாதில்ல."

"நான் எதுக்கு வருத்தப்படணும்? மாத்தவே முடியாது."

"அப்ப இறங்கற வரைக்கும் மாத்தக் கூடாது. சத்தியம்?"

"உலக உருண்டை மேல சத்தியம்!" என்று அவள் கையில் ஓங்கி அடித்தேன். தொப்பிக்காரர் கைதட்டினார்.

ஒரு பெரிய நிலையம் வந்தது. எஞ்சினைக் கழற்றினார்கள். அதைக் கொண்டுபோய் வண்டியின் வாலில் மாட்டினார்கள். வால் தலையாகி, வண்டி வந்த பக்கமே திரும்ப ஓடி, வேறொரு பாதையில் மலைக்குள் புகுந்தது. என் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிட்டது. வரைபடத்தில் தண்டவாளம் இருக்கும். எஞ்சினை எங்கே மாட்டுவார்கள் என்று இருக்குமா?

அப்போதுதான் அந்தம்மா மடியில் ஓட்டிய சீப்பு எனக்கு விளங்கியது.

அந்தப் பக்க ஜன்னல் முழுக்க நீலம். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அங்கே போய் நின்றார்கள். ஆளுக்கொரு இடத்தை என் மனைவிக்குச் சுட்டிக்காட்டினார்கள். அவள் தன் போனில் படம் எடுத்துத் தள்ளினாள். என் ஜன்னலில் பாறை. கையை நீட்டினால் தொடலாம்.

"ஏங்க! உங்க ஏரி! சத்தியத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன், வந்து பாருங்க!"

போயிருக்கலாம். ஆனால் கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே.

"ஏரி என்ன பெரிய ஏரி? பூகோளம் படிச்சவனுக்குப் பாறைதான் முக்கியம். நான் தெரிஞ்சுதான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்."

"ஓ, அப்படியா!"

திரும்பி அந்தம்மாவிடம் என்னைக் காட்டினாள். பாறையைக் காட்டினாள். நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். அந்தம்மா தொப்பிக்காரரிடம் சொன்னார். தொப்பிக்காரர் பெட்டி முழுக்கச் சொன்னார். எல்லோரும் என்னைப் பாசத்தோடு பார்த்தார்கள். ஒரு வார்த்தை தெரியாமல் ஒரு பெட்டியையே சொந்தக்காரர்களாக்கிவிட்டாளே! கோபத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இறங்கும் ஊர் வந்தது. அந்த நல்ல மனிதர்களும் கூடவே இறங்கினார்கள். நிலையத்துக்கு வெளியே குனிந்து குனிந்து தேடினார்கள். வரிசையாக வந்து ஆளுக்கொரு கல்லை என் கையில் வைத்தார்கள். தொப்பிக்காரர் கொடுத்தது பூசணிக்காய் அளவு. கட்டிப் பிடித்து வேறு கொடுத்தார். ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது?

அவர்கள் கையசைத்துப் போனதும் மெல்லக் கேட்டேன்.

"இதையெல்லாம் இங்கயே போட்டுட்டுப் போயிடலாமா?"

"ஐயையோ, அன்பா கொடுத்ததையா?" என்று தன் போனைத் தட்டிக் காட்டினாள். "ஏரியை நான் கொண்டு வரேன். பாறையை நீங்க தூக்கிட்டு வாங்க."