வீட்டுல கேட்டுச் சொல்றேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் வாசகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதிவிட்டு, அது உண்மைதானா என்று சற்று யோசித்தேன். உடம்பைப் பொறுத்தவரை உண்மைதான். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அவரைத் தனியாக விசாரிக்கக் காரணம், சென்ற இதழில் ‘வண்ணம்’ மூன்று இடங்களில் ‘வன்னம்’ என்று வந்திருந்தது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

இணையதளம் வடிவமைப்பவர்கள் வேலையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய இருபது கேள்விகள் என்று தாங்கள் வெளியிட்ட கட்டுரையை வெட்டி, அட்டையில் ஒட்டி, கைப்பையில் வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது என்றால் எதிர்த்துப் பேசுவது என்று அர்த்தம். பள்ளி விண்ணப்பம், விடுதி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் என்று நிரப்பி நிரப்பி, பதில் எழுதியே பழகிய கை இது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இன்னொருவரைக் கேட்கச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் தங்கள் கட்டுரையைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. கேட்பது பத்திரிகை, நான் வெறுமனே வாசித்துக் காட்டுகிறேன், அவ்வளவுதானே. அப்படி நினைத்ததுதான் வினை.

நான் வேலை பார்ப்பது மூன்றாம் மாடியில் ஆறு மேசை போட்ட ஒரு சின்ன நிறுவனம். மூன்று மாதம் பயிற்சி. அதற்குள் ஒரு தளத்தையாவது தனியாக முடித்து, வாடிக்கையாளரிடம் ‘வேலை முடிந்தது’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை நிரந்தரம். வாங்காவிட்டால், மேலாளர் மேடம் சொன்னபடி, “ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்லாம பிரிஞ்சுடலாம்.” எனக்குக் கிடைத்த வாடிக்கையாளர் ஒரு கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. ஒற்றை அறை, சாலைக் குறியீடுகள் அச்சடித்த அட்டை, ஒரு மர பெஞ்சு, வாசலில் இரண்டு இடத்தில் பிரேக் வைத்த பழைய கார். உள்ளே அறுபதைத் தாண்டிய ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. தெருவில் எல்லாரும் அவரைச் சின்ன மாஸ்டர் என்றார்கள். அப்படியானால் பெரிய மாஸ்டர் யார் என்று கேட்கத் தோன்றியது. தங்கள் பட்டியலில் இல்லாததால் கேட்கவில்லை.

முதல் கேள்வி, இந்தத் தளத்தின் நோக்கம் என்ன. அவர் குனிந்து தரையைப் பார்த்தார். “போன வருஷம்தாம்மா சிமெண்டு பூசினோம். நல்லாத்தானே இருக்கு?” இணையதளம் மாஸ்டர் என்று விளக்கினேன். சரி சரி என்று தலையாட்டினார். இரண்டாவது, இதை யார் பார்ப்பார்கள். உடனே பதில் வந்தது. “வீட்டுல பாப்பாங்க.” நான் பெரிய அறிவாளி போல, ‘பார்வையாளர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து பார்ப்பவர்கள், எனவே பெரிய எழுத்து, கண்ணை உறுத்தாத வண்ணம்’ என்று எழுதிக்கொண்டேன். மேடம் அதைப் படித்துவிட்டு “பரவால்லையே” என்றார். அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. ஆறாவது, எத்தனை பக்கம் வேண்டும். “நாலு பக்கமும் பாக்கணும்மா. கண்ணாடி மூணு இருக்கு, நாலாவதுக்குக் கழுத்தைத் திருப்பணும்.” ஒன்பதாவது, தளம் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும். “கத்துக்கறவங்க வர்ற இடம். நாப்பதைத் தாண்ட வேண்டாம்.” பதினொன்று, உங்கள் போட்டியாளர்கள் யார். அவர் முகம் வாடிவிட்டது. “ரோட்டுல யாரும் போட்டி போடக் கூடாதும்மா.” பதினான்கு, இறுதி முடிவு எடுப்பவர் யார். “வீட்டுலதான். நான் எதுவா இருந்தாலும் வீட்டுல கேட்டுத்தான் சொல்லுவேன்.”

ஆசிரியர் அவர்களே, பதினான்காம் கேள்விக்கு வந்த ‘வீட்டுல’ அவருடைய மனைவி என்று எனக்கு உடனே புரிந்தது. நம் ஊரில் முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தானே சொல்கிறார்கள். ஆனால் இரண்டாம் கேள்விக்கு வந்த ‘வீட்டுல’ எனக்கு வெறும் சுவரும் கூரையுமாகவே இருந்துவிட்டது. அதே வாய், அதே சொல், நடுவில் பதினொரு கேள்வி. திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

வேலை ஆரம்பித்தது. நான் செய்ததை அவர் போனில் பார்ப்பார், “வீட்டுல கேட்டுச் சொல்றேம்மா” என்பார், மறுநாள் காலை ஒன்பது பத்துக்குக் கூப்பிடுவார். திங்கட்கிழமை நீலம் வைத்தேன், வீட்டுல பச்சை கேட்டாங்க. செவ்வாய்க்கிழமை பச்சை வைத்தேன், யாரு இந்தப் பச்சையை வெச்சதுன்னு வீட்டுல கேக்கறாங்க. புதன்கிழமை எழுத்து பெரிசு, வியாழக்கிழமை அதே எழுத்து சின்னது, நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை என்று சொன்னால் “தெரியும்மா, ஆனா வீட்டுல சொல்லிட்டாங்களே” என்பார். சில நாள் என் மேசைக்கே வந்து பக்கத்தில் உட்காருவார். நான் மௌஸை அழுத்தும்போதெல்லாம் அவர் வலது கால் மேசைக்கடியில் பிரேக்கை அழுத்தும். பார்த்துப் பார்த்து எனக்கும் கால் அழுந்த ஆரம்பித்தது. ஒருநாள் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் அவர் படத்தைப் போட்டேன். மறுநாள் ஒன்பது பத்து.

“யாரு அந்த ஆளுன்னு வீட்டுல கேக்கறாங்கம்மா.”

“உங்க படம்தானே மாஸ்டர்?”

“ஆமா. இருந்தாலும் கேக்கறாங்க. எடுத்துடலாம்.”

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள். கட்டினவரையே யாரு அந்த ஆளுன்னு கேக்கற பொம்பளை, செம நக்கல்டி என்றாள். அந்த அம்மாவுக்கு நாங்கள் மேல்கோர்ட்டு என்று பெயர் வைத்தோம். காலையில் நான் வந்ததும் “மேல்கோர்ட்டுல தீர்ப்பு வந்தாச்சா?” என்று கேட்பாள். சின்ன குரல் உள்ள எனக்கு அந்த அலுவலகத்தில் ஒரு நகைச்சுவை கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் அதை வைத்துப் பிழைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இருபத்தெட்டாம் தேதி மேடம் கூப்பிட்டார். இன்னும் ரெண்டு நாள்தான், நேரா வீட்டுக்கே போ, அந்தம்மா கையாலயே கையெழுத்து வாங்கு என்றார். தாளைப் பையில் செருகிக்கொண்டு போனேன். பள்ளிக்கு மேலேயே மாடியில் வீடு. மாலை நான்கு மணி. மாஸ்டர் கதவைத் திறந்து, வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், வா என்றும் சொல்ல முடியாமல், கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு வழிவிட்டார். ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை ஒழுங்காக வாரியிருந்தது. புடவை மடிப்பில் ஊக்கு மட்டும் தலைகீழாகக் குத்தியிருந்தது. அது வேறு யாரோ குத்திவிட்டது. கீழே தெருவில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் அவர் வலது கால் தரையை அழுத்தியது.

“புதுசா சேந்திருக்கியா?” என்றார் என்னிடம்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். நானும் ஆமாம் என்றேன்.

“உக்காரு. கிளட்ச்சு எந்தக் கால்?”

“இடது.”

“வாயைத் திறந்து சொல்லு, வண்டிக்குக் கேக்க வேண்டாமா?”

“இடதுங்க.”

“இவரும் இப்படித்தான்,” என்று மாஸ்டரைக் காட்டி, “இவர் யாருன்னு தெரியல, ஆனா பாவம், நாள் பூரா இங்கயேதான் நிக்கறார்” என்றார்.

அந்தப் பள்ளியை ஆரம்பித்தது அந்த அம்மாதான். பெரிய மாஸ்டர் அவர்தான். சின்ன மாஸ்டர் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். மூன்று தரம் தேர்வில் தவறி, நான்காவது தரம் தேறி, கல்யாணமும் செய்துகொண்டவர். இதெல்லாம் மாஸ்டர் சமையலறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். மறதி வந்து நான்கு வருடம் ஆகிறதாம். “தினமும் புதுசாத்தான் பாக்கறாங்கம்மா. அவங்களுக்கு அது முதல் நாள். நேத்து சொன்னீங்களேன்னு நான் எப்படிச் சொல்றது? கடை அவங்களுது. முடிவு அவங்க சொல்லணும் இல்லையா.” பிறகு போனை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்தார். பெரிய மாஸ்டர் ‘எங்களைப் பற்றி’ என்று சத்தமாக, எழுத்துக்கூட்டாமல் படித்தார்.

“யாரு இவங்க?”

“நாமதான்.”

“நாமன்னா நம்மைன்னு போட்டிருப்பாங்களே. எங்களைன்னு போட்டிருக்கு. வேற யாரோ.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளைப் பையிலிருந்து எடுக்காமலே வந்துவிட்டேன். அலுவலகத்துக்குப் போய் அந்தத் தலைப்பை ‘நம்மைப் பற்றி’ என்று மாற்றினேன். எடுத்துவிட்ட படத்தை மறுபடி வைத்தேன். மாஸ்டர் சொன்னதையெல்லாம், மூன்று தரம் தவறியது உட்பட, கீழே எழுதினேன். மறுநாள் ஒன்பது பத்துக்கு மாஸ்டர் கூப்பிட்டார்.

“நம்மளப் பத்தி யாரு எழுதினான்னு கேட்டாங்கம்மா. உக்காந்து முழுசும் படிச்சாங்க. என் படத்தைக் காட்டி, கண்ணாடியைப் பாக்காம பின்னால எடுத்து சுவத்துல இடிச்சது நீதானேன்னு சிரிச்சாங்க.”

“எவ்வளவு நேரம் மாஸ்டர்?”

“ஒரு டீ ஆறுற நேரம்.”

முப்பதாம் தேதி அவரே மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். “அன்னிக்குப் பையில ஒரு தாள் நீட்டிக்கிட்டு இருந்துச்சே. கேக்காமயே போயிட்ட. குடு.” மேடம் அப்போதுதான் திரையில் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நம்மைன்னு எழுதினா படிக்கிற ஆளும் உள்ள வந்துடறாங்களே, அடிப்படைத் தமிழ்கூடத் தெரியாதா என்று. மாஸ்டர் தயங்கித் தயங்கி, “அதுக்குத்தாங்க. படிக்கிறவங்க உள்ள வரணும்” என்றார். மேடத்துக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை. தாளை எடுத்து வைத்தேன். கையெழுத்துப் போட்டால் அதற்குப் பிறகு எந்த மாற்றமும் கிடையாது என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து, “வீட்டுல கே...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “பக்கத்து வீட்டம்மாவை உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் போகணும்” என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். மேசைக்கடியில் அவர் வலது கால் அழுந்தியது. வீட்டில் கேட்காமல் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும். நான் தாளை வாங்கிக்கொண்டேன். நன்றி மாஸ்டர் என்றேன். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, தங்கள் பட்டியலில் இருபத்தோராவதாக ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டுகிறேன். ‘வீட்டில் என்றால் யார், அவர் எப்படி இருக்கிறார்?’ இது முதல் நாளே கேட்கப்பட்டிருந்தால் இத்தனை பேச்சும் சிரிப்பும் நடந்திருக்காது. வேலை எப்போது முடியும், முடியவே முடியாதா என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். என்னைப் போல் பின்னால் வருகிற கூச்சக்காரப் பெண்களுக்கு உதவும். எங்கள் வேலை முடிந்துவிட்டது என்பதால் நிதானமாக யோசித்தே இதை எழுதுகிறேன்.

தங்கள் இதழ் செழிக்கவும், மெய்ப்புப் பார்ப்பவரின் கண் நலம் பெறவும் விரும்பும்,
மூன்றாம் மாடி வாசகி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மணி ஒன்பது பத்து ஆகிவிட்டது. “முடிஞ்சுதுன்னு தெரியும்மா, சும்மா சொல்லி வெக்கிறேன். வீட்டுல பாத்தாங்க. இந்த நீலம் பிடிக்கலையாம்” என்றார் மாஸ்டர். மேடம் இன்னும் வரவில்லை. வண்ணம் மாற்ற நான்கு நிமிடம் போதும். மாத்திட்டேன் மாஸ்டர் என்றேன். “நாளைக்கு வேற சொல்வாங்கம்மா” என்றார். நாளைக்கும் கேட்டுச் சொல்லுங்க என்றேன். எனவே வேலை முடிந்துவிட்டது என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். இருபத்தோராவது கேள்வியும் வேண்டாம். அதை முதல் நாளே கேட்டிருந்தால் மேடம் இந்த வேலையை எடுத்திருக்கவே மாட்டார். மேலும் அவர் தங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர் என்பதால் இக்கடிதத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். இன்றைக்கு மஞ்சள்.