பின்வரிசைச் சிரிப்பு

"அந்த மெஷினக் காதுல மாட்டிக்கிட்டா என்ன குறைஞ்சு போகும்?"

"சனம் சிரிக்கும்."

"சிரிக்க வைக்கத்தானே ஐயா போறோம்?"

"ஜோக்குக்குச் சிரிக்கணும் கஜா. காதுக்குச் சிரிக்கக் கூடாது."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசலில் ஆட்டோ நின்றிருந்தது. வீரசிங்கத்தின் காதோரம் கத்திக் கத்தியே கஜலட்சுமிக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். தன் ரசிகர் ஒருவர் என்று நினைத்த வீரசிங்கம் அவரை இரு கைகளாலும் கும்பிட்டார்.

எண்பதை நெருங்கும் வீரசிங்கம் ஒரு காலத்தில் மலையகத் தோட்டங்களில் எல்லாம் பேர்போன மேடைச் சிரிப்பு நடிகர். கஜலட்சுமி அவருடைய குழுவில் கதாநாயகியாகச் சேர்ந்து, பிறகு அக்காவாகி, மாமியாராகி, கடைசியில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் மாலை போட்ட புகைப்படமாகச் சுவரில் தொங்கியவள். அதன்பிறகு யாரும் அவளை அழைக்கவில்லை. இப்போது அவருக்கு நிகழ்ச்சி பேசுவது, கோட்டுக்கு அயன் போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள்தான்.

இன்னொரு வேலையும் இருந்தது. அதிலிருந்த பொய் அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் நம்பினாள்.

"சிரிப்புச் சத்தம் நின்ன அன்னைக்கு மேடைய விட்டு இறங்கிருவேன். பிறகு கட்டில்ல படுத்துக்கிட்டுச் சாக வேண்டியதுதான்" என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். சிரிப்புச் சத்தம் நின்று வெகுகாலமாகியிருந்தது. நல்லவேளையாக, அதற்குள் அவருடைய காதும் மந்தமாகிவிட்டது. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவள் மண்டபத்தின் கடைசி வரிசையில் நிற்பாள். அவள் வாய்விட்டுச் சிரித்தால் சனம் சிரிக்கிறது என்று அர்த்தம். சிரிப்பு அடங்கும்வரை அவர் பொறுத்திருப்பார். அவள் லேஞ்சித் துணியால் கண்ணைத் துடைத்தால் சனம் கண்ணீர் வரச் சிரிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தை அவர் முதலிலிருந்து திரும்பச் செய்வார்.

சனம் சிரிக்கிறதா இல்லையா என்பதை அவள் பார்ப்பதே இல்லை. நேரத்துக்குச் சிரித்துவிடுவாள்.

அன்று பன்விலப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாண விருந்து. மேடையில் வீரசிங்கம், ரயிலில் டிக்கெட் இல்லாமல் கோழி கொண்டுபோகும் பெரியவராக மாறி, பைக்குள் கோழியை அமுக்கினார். கீழே சனம் புரியாணியை அமுக்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் நிமிரவில்லை.

கஜலட்சுமி நெஞ்சில் கை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பக்கத்து மேசையிலிருந்த மணமகளின் அத்தை பிரேமிளா திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ, இவங்களுக்கு எலும்பு சிக்கிருச்சு போல! தண்ணியக் கொண்டாங்க!"

"எலும்பு இல்லங்க, நான் சிரிக்கிறேன்!"

"எதுக்கு?"

பதில் சொல்வதற்குள் தண்ணீர்க் குவளை வாயில் திணிக்கப்பட்டது. உச்சந்தலையில் ரெண்டு தட்டும் விழுந்தது. தண்ணீர் மூக்கில் ஏறியது. கண் கலங்கி, கை தன்பாட்டில் லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டது.

மேடையில் வீரசிங்கத்தின் முகம் மலர்ந்தது. கோழியைத் திரும்ப முதல் ஸ்டேசனிலிருந்து ஏற்றினார்.

"அழுவுறாங்கடி, பாவம்" என்று இன்னும் ரெண்டு பெண்கள் வந்து அவளைத் தாங்கிக்கொண்டார்கள். "ஆரும் தவறிட்டாங்களா?"

"இல்லம்மா, விடுங்க. மறைக்காதீங்க, அவரு என்னப் பார்க்கணும்!"

"உங்க வீட்டுக்காரரா?"

"இல்லங்க!"

"அப்ப ஏன் பார்க்கணும்?"

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் பெண்களைப் பார்த்த வீரசிங்கத்துக்கு உற்சாகம் தலைக்கேறியது. மேடையின் விளிம்புக்கே வந்து, கழுத்தை நீட்டிக் கோழியாகக் கத்தினார். இன்னும் ஓர் அடி வைத்தால் கீழே விழுவார். அவளுக்கு உயிரே போய்வந்தது. கோழி கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும். இங்கே ஒரு தலையும் திரும்பவில்லையே?

அப்போதுதான் அவள் முதல்முறையாகக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வசனமெல்லாம் மனப்பாடம் என்பதால் இவ்வளவு நேரமும் அது அவளுக்குள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மைக் பழுது! அதனால்தான் சிரிப்பு இல்லை. ஐயாவிடம் ஒரு குறையும் இல்லை. ஒரு வயரைச் சரிசெய்தால் இந்த மண்டபமே உருண்டு சிரிக்கும். இனி அவள் நடிக்கவே தேவையில்லை.

பெண்களின் கைகளை உதறிவிட்டு, சுவரோரமாக ஓடினாள். பின்வரிசையில் அவளைக் காணாத வீரசிங்கம் பாதி வசனத்தில் நின்றுபோனார். கோழியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. கண்கள் மண்டபத்தின் பின்பக்கத்தை இடமும் வலமுமாகத் தடவின. திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தையின் முகம் அது.

ஒலிபெருக்கிக்காரர் யுகேஷ், நரைத்த மீசையில் ஒட்டிய பருக்கையோடு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யுகேஷ் தம்பி, மைக் செத்துப்போச்சு! சீக்கிரம் பாருங்க!"

"மைக்குக்கு ஒன்னும் இல்லக்கா. நான்தான் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

"என்னது? மனுசன் அங்க தொண்ட கிழியக் கத்துறாரு! போடுங்க உடனே!"

"போட மாட்டேன்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

யுகேஷ் தட்டைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்காமல் விரலை மட்டும் துடைத்தார்.

"ஐயாதான் ஆஃப் பண்ணச் சொன்னாரு. வத்தேகம கல்யாணத்துலயும் இதேதான்."

"ஐயாவா? ஏன்?"

"'சாப்பிடுற சனத்துக்கு என் சத்தம் கரைச்சல், மைக்கப் போட்டா இறக்கி விட்டுருவாங்க. ஒருத்தரும் சிரிக்கிறதில்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா கஜாவுக்கு இப்ப வேற நாடகம் ஒன்னும் இல்ல, நான் மேடையில நின்னாத்தான் அது பின்னால நின்னு நடிக்கும், அதக் கெடுத்துறாத'ன்னாரு... அந்தா, உங்களக் காணாம தவிச்சுப்போய் நிக்கிறாரு. போய் ஒருக்கா சிரிங்களேன் அக்கா?"