வாய்க்கால் துப்புரவு

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, தனியாகச் சோறு தின்றுகொண்டிருந்தபோதுதான் நான் அந்தப் பெரிய முடிவை எடுத்தேன். என் பொஞ்சாதி கமீலாவை எப்படியாவது சாப்பாட்டு மேசைக்குத் திரும்பக் கொண்டுவருவது!

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. போகவும் மாட்டாள். வீடே அவளுடையது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் கலியாணம் முடித்துப் பொஞ்சாதி வீட்டுக்குப் போவான். நானும் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவன்தான். கோபித்துக்கொண்டு யாராவது வெளியே போவதென்றால் நியாயப்படி அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

கமீலா போனது அடுப்படிக் குசினி வரைக்கும். சோற்றுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏன் புள்ள?" என்றேன்.

"இஞ்ச காத்து வருகுதில்ல."

தலைக்கு மேலே காற்றாடி பேய்ச் சுற்றுச் சுற்றுகிறது. அடுத்த கிழமை படுக்கையும் மகளின் அறைக்கு மாறியது. "உங்கட அறைல காத்தாடிச் சத்தம்" என்றாள். மேசையில் காற்றுப் போதாது, அறையில் காற்றுக் கூடிப்போயிற்று. நடுவில் நான்.

மகள் அஸ்னா கலியாணம் முடித்து வளைகுடாவில், கட்டாரில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. கமீலா காலையில் கைபேசியைத் திறந்தால் மகளோடு கதை, கதை, கதை. என்னோடு கதைப்பது கேஸ் முடிந்தால், அல்லது தேங்காய் முடிந்தால். நானோ நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் நான் வாயைத் திறந்தால் அரைவாசி வயல்காரர் காது கொடுப்பார்கள். இப்போது ஒருநாள் தேங்காய்க் கடைக்காரரோடு தேங்காயைப் பற்றியே நெடுநேரம் கதைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் விளங்கியது. தேங்காயைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒன்றுமே இல்லை. ஆள்தான் தேவைப்பட்டிருக்கிறது.

கமீலா ஏன் தள்ளிப் போனாள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முன்பெல்லாம், "வாய் மணக்குது, பல்லு டொக்டரிட்டப் போங்க" என்று நச்சரிப்பாள். கொஞ்சக் காலமாக நச்சரிப்பில்லை. அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நான் சந்தோசப்பட்டிருந்தேன். சந்தேகத்தைத் தீர்க்க என் பழைய வேலைத்தோழன், பாண்டிருப்பு அழகரெத்தினத்தைக் கடற்கரைக்கு வரச் சொன்னேன்.

"ஒரு உதவி மச்சான். என்ட வாய மணந்து பாரு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மீன்காரர்கள் வலை உதறிக்கொண்டு நின்றார்கள்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலயா?"

"உண்மையச் சொல்லோணும்."

ஊதினேன். அவன் கண்ணை மூடினான். மூடியவன் திறக்கவில்லை.

"என்ன?"

"ஜவாத், வடிச்சல் வாய்க்கால்ல ஆத்துவாழச் செடி அடைச்சி அழுகினா ஒரு மணம் வருமெல்லோ?"

"ஓம்."

"அது பறவாயில்ல."

"இத ஏன் நீ முதல்லயே சொல்லல்ல?"

"நான் ஏன் எப்பவும் காத்து வாற பக்கமாப் பாத்துக் குந்துறன் எண்டு நினைச்சாய்?"

பல் டொக்டரிடம் இரகசியமாகப் போனேன். சின்னப் பிள்ளை. அஸ்னாவின் வயதுதான் இருக்கும். பல்லைச் சுற்றியிருக்கும் சதையை, ஈறை, நாங்கள் முரசு என்றுதான் சொல்லுவோம். "அங்கிள், முரசு நல்லா வீங்கிக் கிடக்கு" என்று அந்தப் பிள்ளை சொன்ன சத்தம், வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. முரசு முரசாகவே வேலை செய்தது.

டொக்டர் இறுகிய ஊத்தையெல்லாம் சுரண்டி எடுத்தார். "பிரஷ் மட்டும் போதாது. பல்லுக்கிடையில நூல் விட்டு எடுக்கோணும். அது கஷ்டமெண்டா, தண்ணி பாய்ச்சித் துப்புரவாக்கிற மெசின் ஒண்டு இருக்கு. ஓறல் இரிகேற்றர்."

நான் கதிரையில் நிமிர்ந்தேன். "இரிகேசனா? நான் இரிகேசன் திணைக்களத்திலதான் இருந்த நான்!"

"அப்ப நல்லதாப் போச்சு. ஆனா முதல்ல ஆகக் குறைஞ்ச வேகத்தில..."

"பிள்ளை, எனக்குத் தண்ணியப் பத்தித் தெரியும்."

"தொட்டிக்கு மேல குனிஞ்சி, வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு..."

அதை அவர் என் முதுகிடம் சொன்னார். நான் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மெசினை இணையத்தில் வாங்கினேன். கமீலா பக்கத்து வீட்டு நுஸ்ரத்திடம் போயிருந்த நேரம் பார்த்துப் பொதி வந்து சேர்ந்தது. என் சாரங்களுக்கு, லுங்கிகளுக்கு, அடியில் ஒளித்தேன். அடுத்த காலை குளியலறைக் கதவைப் பூட்டினேன். தண்ணீர் நிரப்பினேன். குளத்து வான்கதவைப் படிப்படியாகத்தான் திறக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், ஆகக் கூடிய வேகத்தில் வைத்து, வாயை ஆவென்று திறந்து, அமுக்கினேன்.

வெள்ளம்!

கண்ணாடியில் தண்ணீர். முகட்டில் தண்ணீர். என் கண்ணுக்குள், காதுக்குள் தண்ணீர். வாய்க்குள் போனதைவிட வெளியே வந்தது கூட. வந்ததும் இளஞ்சிவப்பு. வீங்கிய முரசு இரத்தம் விடுகிறது. கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த கமீலாவின் தொழுகை உடுப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது.

கதவில் தட்டல்.

"உள்ளுக்கு என்ன நடக்குது?"

"ஒண்டுமில்ல."

"கிறைண்டர் மாதிரிச் சத்தம் கேக்குது."

"தாடி வழிக்கிறன்."

"நேத்துத்தானே தாடி அழகா இரிக்கி எண்டு கண்ணாடிக்குச் சொன்னீங்க?"

"அது நேத்து."

"கதவுக்குக் கீழால தண்ணி வருது."

"பைப் உடைஞ்சிட்டு."

"பைப்புல சிவப்புத் தண்ணியா வரும்? கதவத் தொறங்க!"

திறந்தேன். மெசினை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். நிற்பாட்ட மறந்துவிட்டேன்.

"உங்களுக்குப் பின்னால மழ பெய்யுது" என்றாள்.

மெசினை வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள். ஏசவில்லை. வேகத்தைக் குறைத்தாள். "டொக்டர் குறைஞ்ச வேகத்தில எண்டு சொல்லல்லியா?"

"நான் டொக்டரிட்டப் போனது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அங்க வாங்கில நுஸ்ரத்துட மாமியும் இருந்தாவாம். குனியுங்க."

"நானே செய்வன்."

"நீங்க செஞ்சது முகட்டில ஒழுகுது. குனியுங்க. வாய மூடுங்க. கடவாய்ப் பல்லுல இருந்து வாங்க. முரசு ஓரமாப் பிடிங்க."

பிடரியைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் கை என் மேல் பட்டது அன்றைக்குத்தான். அமுக்கினாள் என்பது உண்மை. தொட்டாள் என்பதும் உண்மை. நான் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன்.

நாள் போகப் போக இரத்தம் நின்றது. வீக்கம் வற்றியது. ஒருநாள் பகல் கமீலா சோற்றுப் பீங்கானோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "குசினி புழுக்கமா இரிக்கி" என்றாள். அவள் மீன் விலையைப் பற்றிச் சொன்னாள். நுஸ்ரத் மதில் கட்டுவதைப் பற்றிச் சொன்னாள். முள்ளை எடுத்து என் பீங்கானில் ஒரு மீன் துண்டு வைத்தாள். நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுத் தின்றேன். பசியில்லை. எழும்ப மனமில்லை.

இந்தச் சந்தோசம் ஒரு பின்னேரத்தோடு முடிந்தது. கமீலா கைபேசியில் எப்போதும் ஒலிபெருக்கி போட்டுத்தான் கதைப்பாள். நான் பேப்பரோடு வாசலில் நின்றேன்.

"உம்மா, இன்னும் எவ்வளவு காலம்?" அஸ்னாவின் குரல். "புள்ள பொறக்க முதல் வாங்க உம்மா. எனக்குத் தனிய இருக்கப் பயமா இரிக்கி."

"வாறன் மகள். வாப்பாட முரசு சரியாகட்டும். அந்த வாயோட அவரத் தனிய விட்டுட்டு வந்தா, நான் திரும்பி வரக்குள்ள ஒரு பல்லும் இரிக்காது. இப்ப நல்லா வருது. இன்னும் கொஞ்ச நாள்தான்."

பேப்பரில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. இவ்வளவு நாளும் நான் என் பல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். பாய்ச்சியதெல்லாம் கமீலாவை கட்டாருக்கு அனுப்ப!

அஸ்னா பாவம். தலைப்பிரசவம். அறியாத ஊர். உம்மா பக்கத்தில் வேண்டும். அது எனக்கு விளங்காமல் இல்லை. அவளுடைய ஒற்றை அறை வீட்டில் எனக்கு இடமில்லை என்பதும் விளங்கும். ஆனால் இத்தனை அறையுள்ள இந்த வீட்டில், காற்றாடிக்குக் கீழே, மறுபடியும் தனியாகச் சோறு தின்ன வேண்டும் என்பதுதான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஆகவே என் முரசு மீண்டும் நோகத் தொடங்கியது.

காலையில் மெசினை ஓட்டுவேன். தண்ணீரைத் தொட்டிக்குள் அடிப்பேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெளியே வருவேன்.

"என்ன?" என்பாள் கமீலா.

"தாங்க ஏலாது புள்ள."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"நேத்து வலப்பக்கம் எண்டீங்க."

"வருத்தம் நடமாடுது. நோவு ஒரு இடத்தில நிக்குதில்ல."

"ஓஹோ. நடமாடட்டும்" என்றாள்.

மறுநாள் மேசையில் ஒரு தட்டு நிறைய வறுத்த கச்சான் கொட்டை, நிலக்கடலை, இருந்தது. யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று யோசிக்காமல் கொறித்தேன். கடவாய்ப் பல்லால் நறுக் நறுக்கென்று, இரண்டு பக்கமும். கமீலா வந்து வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாய் திறக்கவில்லை. கமீலா ஏசினால் பயமில்லை. ஏசாவிட்டால்தான் நான் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொள்வது வழக்கம்.

அன்று பின்னேரம் எனக்கு முன்னால் வந்து இருந்தாள். கைபேசியை மேசையில் குப்புற வைத்தாள். முகத்தில் கவலை.

"இஞ்சாருங்க, நான் கட்டாருக்குப் போகல்ல."

என் நெஞ்சு துள்ளியது. முகத்தை மட்டும் துள்ளவிடாமல் பிடித்துக்கொண்டேன். "ஏன் புள்ள? அஸ்னா பாவமே."

"உங்கள இந்த வருத்தத்தோட எப்பிடி விட்டுட்டுப் போற? உங்களுக்குப் பிறகுதான் எனக்கு எல்லாம்."

இந்த வசனத்தை அவள் கலியாணம் முடித்த நாளிலிருந்து சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதால நாளைக்குக் காலம்பொற பல்லப் புடுங்குவம்" என்றாள்.

"எந்தப் பல்ல?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா!"

"வருத்தம் நடமாடுது எண்டீங்கதானே? ஒண்டப் புடுங்கினா அது அடுத்ததுக்குப் போகும். முழுசாப் புடுங்கினா அதுக்குப் போக இடமில்ல. பிறகு கட்டுப்பல்லுப் போடலாம். கழட்டிக் கழுவலாம், மெசினும் தேவல்ல. டொக்டரிட்ட நேரமும் எடுத்திட்டன்."

"கமீலா, கொஞ்சம் பொறு."

"பொறுக்க ஏலாது. நீங்க படுற பாட்டப் பாத்து எனக்குச் சோறு இறங்குதில்ல."

"இப்ப அவ்வளவு இல்ல புள்ள."

"இல்லயா?"

"கொறஞ்சிட்டு."

"கொறஞ்ச வருத்தம் திரும்பி வரும். புடுங்குவம்."

"வராது! முழுசாச் சுகம்! வருத்தமே இல்ல!"

"அல்லாஹ் அறிய?"

"அல்லாஹ் அறிய, ஒரு வருத்தமும் இல்ல. கச்சான் கொட்டையே கடிச்சனே!"

கமீலா கைபேசியை நிமிர்த்தினாள். திரையில் அஸ்னாவின் முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மகள், வாப்பா அவர்ட வாயாலயே சொல்லிட்டாரு. டிக்கட்டப் போடுங்க."

ஒரு அதிகாலை விமான நிலையத்துக்குப் போக வான் வண்டி வந்தது. கமீலா பெட்டிகளோடு ஏறினாள். குளிர்சாதனப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று வான் நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையாட்டினேன். வான் முடக்கில் திரும்பிய பிறகும் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது காலையும் மாலையும் நான் ஒழுங்காகத்தான் செய்கிறேன். குனிந்து, வாய் மூடி, குறைந்த வேகத்தில். கல்முனைக் கரையிலேயே துப்புரவான வாய் என்னுடையதாகத்தான் இருக்கும். கதைக்கத்தான் ஆளில்லை. சில நேரம் தண்ணீர் முடிந்த பிறகும் மெசினை நிற்பாட்டாமல் விடுவேன். வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கும்.

பேரன் பிறந்தான். கமீலா காணொளி அழைப்பில் அவனைக் காட்டினாள். பிறகு தன் முகத்தைக் காட்டினாள். மெலிந்திருந்தாள்.

"தனிய இருக்கக் கஷ்டமா இரிக்கா?" என்று கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் பக்கத்தில் அஸ்னா நிற்கிறாள், மருமகன் நிற்கிறார். ஆம்பிளை எப்படிச் சொல்வது?

"சே, எனக்கென்ன கஷ்டம்? ராசா மாதிரி இருக்கன்" என்றேன்.

கமீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பொய் ஒன்றுகூட இதுவரை அவளைத் தாண்டிப் போனதில்லை. இதையும் பிடித்துவிடுவாள் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப விசாவ இன்னும் ரெண்டு மாசத்துக்கு நீட்டச் சொல்லுறன்" என்றாள்.