பதினோராம் அத்தியாயத்தில் நின்ற குண்டு

ஒரு காரியம் கெட்டுப்போனால், அதில் சம்பந்தப்பட்டவர்களுக்குள் யார் கொஞ்சம் படித்தவனோ அவன் தலையில்தான் பழியைக் கட்டுவார்கள். சுட்டவன் தப்பிவிடுவான். நனைத்தவனும் தப்பிவிடுவான். எப்படிச் சுட வேண்டும் என்று விளக்கம் சொன்னவன் மட்டும் ஆயுள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். நான் விளக்கம் சொன்னவன். எனக்கு நடந்தது அநியாயம். இதை வாசிப்பவர்களில் யாராவது ஒருவர் என் பக்கம் நிற்பார் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். (வீட்டில் ஆதரவு இல்லை. கேட்டுப் பார்த்தாயிற்று.)

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் மனைவி பவானியும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து, நோபல் பார்க்கில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருந்தோம். பவானிக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. எனக்கு பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனைப் பகுதியில் வேலை. குழாயை இழுப்பேன், வளைப்பேன், உடையும்வரை அமுக்குவேன், உடைந்ததும் உடைந்தது என்று எழுதி வைப்பேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரே ஆள் நான் என்பதால், விஞ்ஞானமே என் தோளில் தொங்குவதாக ஒரு நினைப்பு.

என் மேலாள் கெவின். நல்ல மனிதர், பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். என்னுடைய வேலை நிரந்தரமாவது அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி பாரி. (பெயர்தான் பாரி. தேர் கொடுக்கிற ஆள் இல்லை.) அந்த நாளில் தொழிற்சாலைகளில் சம்பளத்தை உறையில் போட்டுக் காசாகவே கொடுப்பார்கள். அந்தக் காசை வங்கியிலிருந்து கொண்டுவரும் வண்டிக்குப் பாரி காவல். இடுப்பில் ரிவோல்வர் இருக்கும். எங்கள் இடத்துக்கு வரும் நாட்களில் தேநீர் அறைக்கு வந்து அக்கா புருஷனோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் போவார்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். கொள்ளைக்காரன் வந்தால் எந்தத் தோட்டா நல்லது? கெவின் வார விடுமுறையில் கைத்துப்பாக்கிக் கழகத்தில் சுடுகிறவர். பழைய உருண்டை மூக்கு ஈயக் குண்டுதான் குண்டு என்பார். பாரிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த புதுவகை பிடித்திருந்தது. அதன் மூக்கில் ஒரு பள்ளம் இருக்கும். பட்ட இடத்தில் குடைபோல விரிந்துவிடுமாம். இனி அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டேன், அதனால் பேச்சு பாதியாகக் குறைந்திருக்கிறது.

"குண்டெண்டால் உள்ள போய்க்கொண்டே இருக்க வேணும்," என்றார் கெவின்.

"போய்க்கொண்டே இருந்து, பின்னால நிக்கிற பாங்க் பெட்டையையும் விழுத்தவோ? உள்ள போனால் நிக்க வேணும்," என்றார் பாரி.

ஞாயிற்றுக்கிழமை கழகத்துக்குப் போய் இரண்டையும் சுட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பெட்டியில் அடுக்கிச் சுடுவார்களாம். எது எவ்வளவு தூரம் போகிறது, எப்படி விரிகிறது என்று பிரித்துப் பார்ப்பார்களாம். பழைய பேப்பர், டெலிபோன் புத்தகம், எது கிடைக்கிறதோ அது போதும் என்றார் கெவின்.

அந்த இடத்தில் நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அது சரிவராது," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஆகவே எழுந்து நின்று விளக்கினேன். ஒரு பெட்டியில் பத்திரிகையும் மற்றப் பெட்டியில் டெலிபோன் புத்தகமும் இருந்தால் நீங்கள் குண்டைச் சோதிக்கவில்லை, காகிதத்தைச் சோதிக்கிறீர்கள். ஒரே வகைக் காகிதம், ஒரே அளவு, ஒரே தடிப்பு, ஒரே மாதிரி இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், ஒரே நேரம் ஊற வேண்டும். இல்லாவிட்டால் சோதனைக்குப் பெறுமதி இல்லை. சுண்ணக்கட்டி கிடைத்திருந்தால் சுவரில் படமும் போட்டிருப்பேன்.

கெவின் வாயைத் திறந்தபடி கேட்டார். "ஒரே பேப்பர், ஒரே சைஸ். சரி. அதுக்கு எங்க போறது?"

"என்ர கராஜில பழைய பேப்பர் கிடக்கு. வந்து எடுங்கோ," என்றேன். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அந்த நிமிடமே நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கெவின் வந்தபோது பவானி ஆஸ்பத்திரியில். நான் குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அடி பிடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அடுப்பை விட்டு நகராமல் ஜன்னல் வழியாகவே சொன்னேன். "கராஜ் திறந்துதான் கிடக்கு. வேண்டியதை எடுங்கோ." மனைவி சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் நான் செய்த குற்றம். கெவின் எதையோ சுமந்து காருக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. கையை அசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, நகரத்துக்கு வெளியே ஒரு பழைய கல்லுடைக்கும் பள்ளத்தில் கழகத்தின் சுடுதிடல். மெல்பேர்னுக்கே உரிய குளிர்த்தூறல். வெள்ளைக் கோட்டும் இரும்பு அடிமட்டமும் கொண்டுபோயிருந்தேன். (ஆம், கோட்டும்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.) கெவின் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் இரவு முழுக்க ஊறவைத்த கட்டுகளை இரண்டு நீளமான மரப்பெட்டிகளில் அடுக்கி, முன்பக்கம் சாக்கால் மூடியிருந்தார். "உன்ர சொல்லுப்படியே செய்திருக்கிறன். எல்லாம் ஒரே சைஸ்," என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

காதுக்கு மூடி போட்டுக்கொண்டேன். முதலில் பாரி சுட்டார், பிறகு கெவின். மூடி போட்டும் எனக்கு நெஞ்சு ஒருமுறை இடம் மாறித் திரும்பி வந்தது. சுடும்போது ஏற்றிவைக்கும் சிவப்புக் கொடியை இறக்கியதும் பாரியின் பெட்டிக்குப் போய்ச் சாக்கை விலக்கி, ஊறிய தாள்களை ஒவ்வொன்றாக உரித்தேன்.

தமிழ்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்போது மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்களைக் காண்பதே அரிது. கெவினுக்குத் தெரிந்த இடத்தில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது, வாசிக்கிற குடும்பம், அறிமுகம் செய்துவைக்கச் சொல்லலாம், பவானிக்கும் பேச ஆள் கிடைக்கும் என்றெல்லாம் என் புத்தி ஓடியது. இன்னொரு தாளை உரித்தேன். பழுப்பு மட்டையில் மை கரைந்த எழுத்து தெரிந்தது. "பவானி. இரவல் கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்."

அது அவளுடைய தொடர்கதை. கலியாணத்துக்கு முன்னே வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, கட்டுக்கட்டாகச் சாக்கூசியால் தைத்து மட்டை போட்டது. கப்பலில் வந்தபோது என்னுடைய சர்வகலாசாலைப் புத்தகங்களை இறக்கிவிட்டு இதை ஏற்றினாள். சின்ன வீட்டில் இடம் போதாமல் கராஜில் வைத்திருந்தாள். மலையில் ஒரு பங்களா, அங்கே ஒரு பணக்கார வைத்தியர், அவருடைய பாலில் நஞ்சு கலந்தது யார் என்பதுதான் கதை. பாரியின் பெட்டியில் முதல் பாகம், கெவினுடையதில் இரண்டாம் பாகம்.

"கெவின், இது என்ர மனிசியின்ர," என்றேன்.

"நீதானே சொன்னாய், ஒரே பேப்பர், ஒரே சைஸ், இறுக்கிக் கட்டினது எண்டு. மற்றதெல்லாம் கண்டபடி கிடந்தது. இதைப் பார்த்ததும் நீ எனக்காக ரெடி பண்ணி வச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன், மேட்." (மேட் என்றால் அங்கே கூட்டாளி.)

அதன் பிறகும் அவர்கள் தூரத்தை அளக்கச் சொன்னார்கள் என்பதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது. அளந்தேன். பாரியின் குண்டு பதினோராம் அத்தியாயத்தில், சமையல்காரன் பின்கதவைத் திறக்கும் இடத்தில், குடைபோல விரிந்து நின்றிருந்தது. சுற்றியிருந்த தாளெல்லாம் கஞ்சி. கெவினின் குண்டு இரண்டாம் பாகம் முழுவதையும் துளைத்து, கடைசி அத்தியாயத்தையும் கிழித்து, பின்பலகையையும் உடைத்துக்கொண்டு மண்மேட்டுக்குள் போயிருந்தது.

"பார், என்ரதுதான் தூரம் போயிருக்கு," என்றார் கெவின்.

"அதைத்தானே நானும் சொல்லுறன். என்ரது நிண்டிருக்கு," என்றார் பாரி.

ஆக, தேநீர் அறையில் சொன்னதையே இருவரும் மறுபடி சொன்னார்கள். அதற்கு ஒரு தொடர்கதை செத்தது.

வீட்டுக்கு வந்து, ஈரக் கட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பவானி கதிரையில் இருந்து கடைசிவரை கேட்டாள்.

"துவக்கால சுட்டதோ?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"எந்தக் குண்டு நல்லதெண்டு பார்க்க."

"எது நல்லதாம்?"

"அது தெரியேல்லை."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். அந்தக் கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு கெவின் பூங்கொத்தும் ஒரு கட்டு ஆங்கில மகளிர் சஞ்சிகைகளுமாக வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்கு வடை. அவருக்குத் தேநீர். இன்னொரு வடை. வாசலில் நின்று சிரித்து வழியனுப்பினாள்.

"சுட்டதே அந்தாள்தானே," என்றேன், தாங்க முடியாமல்.

"அவர் பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே."

குண்டு போகும் வழியில் நான் என்ன, வாசித்துக்கொண்டா நின்றேன்? இதை யாரிடம் சொல்வது?

தண்டனையும் வந்தது. அவளுக்குக் கதை மனப்பாடம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். தொடர்கதை வாசிப்பவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். ஆனால் வைத்தியரின் மருமகள் சாவியைத் தொலைத்ததும் எனக்குத் தூக்கம் கெட்டது. சமையல்காரனைச் சந்தேகித்தேன், பிறகு கணக்கப்பிள்ளையை, பிறகு வைத்தியருக்குப் பால் கொண்டுபோகும் தாதியை. வேலையில் குழாயை அமுக்கிவிட்டு உடைந்ததைக் கவனிக்காமல் நின்றேன். (அப்படியும் வேலை நிரந்தரமானது. கெவினுக்கு என் மேல் இரக்கம்.)

பல மாதம் எழுதிக் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பவானி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"மிச்சம்?" என்றேன்.

"மிச்சம் எழுதத் தேவையில்லை. எனக்கு ஞாபகமிருக்கு."

அன்றிலிருந்து இன்றுவரை அவள் சொல்லவில்லை. இரண்டு மகள்மாருக்கும் சொல்லியிருக்கிறாள். மருமகனுக்கு, கலியாணம் முடிந்த அன்றே சொல்லியிருக்கிறாள். பேத்தியிடம் சொக்லட் கொடுத்துக் கேட்டேன். "சாரி தாத்தா, ஐ ப்ராமிஸ்ட் அம்மம்மா," என்று சொக்லட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பொறுப்பேன். நான் ஓய்வு பெற்றபோது வைத்த விருந்துக்குக் கெவினும் தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத, கடைசி அத்தியாயத்தைத் தன் கையால் சுட்டுக் கிழித்த அதே கெவின். பவானியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்து, தோளில் தட்டி, "கடைசியில அவள்தான் எண்டு நான் நினைக்கவேயில்லை, மேட்," என்றார்.

அவள். ஆங்கிலத்தில் 'ஷி' என்றுதான் சொன்னார், அப்படியென்றால் வைத்தியரின் மருமகள், அல்லது அந்தத் தாதி. நேரே பவானியிடம் போய்ச் சொன்னேன்.

அவள் வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "கெவின் தன்ர காரையும் அவள் எண்டுதான் சொல்லுறவர்," என்றாள்.