புடலங்காய் விளக்கும் பவுடர் சாரும்

கத்திரிக்காய்க்கு முகப்பவுடர் பூசி அழகு பார்த்த ஒரே மனிதர், கோவை மாவட்டத்திலேயே எங்கள் பவுடர் சார்தான்.

துடியலூரில் நாங்கள் காய், பூ வடிவங்களில் கண்ணாடி விளக்குகள் செய்தோம். அவர் வடிவமைப்பாளர். அவர் கொண்டுவரும் காய், பூ, இலையை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சீராக்குவது என் வேலை. பளபளப்பை ஸ்கேனர் சரியாகப் படிக்காது, அதனால் பவுடர். இதுவரை தெளிவு. இதற்குப் பிறகு எனக்கு எதுவுமே விளங்கியதில்லை.

ஒருமுறை மின்விசிறிக் காற்றில் வாழையிலை ஆடி, திரையில் மூன்று இலைகளாக விழுந்தது.

"ஃபேனை நிறுத்திட்டு மறுபடி எடுக்கட்டுங்களா சார்?"

"ஐயோ, வேண்டாங்க அம்மணி! காத்து வந்து உக்காந்திருக்குது, தொரத்தீராதீங்க."

மூன்றடுக்குக் கண்ணாடியில் விளக்கு வந்தது. அது காற்றா, கோளாறா? வாங்க வந்தவர்களுக்கும் புரியவில்லை, ஆர்டரைத் திருப்பிவிட்டார்கள். முதலாளி பவுடர் சாரிடம் சொல்லிவிட்டார்: "அடுத்த ஆர்டரும் திரும்புச்சுன்னா, நீங்க வேற எடம் பாத்துக்கோங்க."

அடுத்த ஆர்டர், அன்னூர்க்கார அம்மா ஒருவர் கட்டிய ஓட்டலுக்கு. பவுடர் சார் பந்தலுக்கே ஸ்கேனரோடு போய்ப் புடலங்காயைப் பதிவு செய்து வந்தார். காய் நேராக வளர நுனியில் கட்டிய கல்லும் கயிறும் சேர்ந்தே வந்திருந்தன. குப்பை என்று இரண்டையும் அழித்தேன்.

"கல்லு எங்கீங்க அம்மணி?"

"அது காயில்லீங்களே சார்."

"காயை நேராக்குனதே அதுதானுங்களே!"

வடிவத்தில் கல் மட்டும் திரும்ப வந்தது. கயிற்றைக் கண்ணாடியில் இழுக்க முடியாது என்று பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள்.

அன்னூர் அம்மா வந்தார். மாதிரி விளக்கைச் சுற்றி வந்தார். அடியில் குனிந்தார். முதலாளி கைக்குட்டையை எடுத்தார்.

"இதென்னுங்க?"

"கல்லுங்க..." பவுடர் சார் இழுத்தார்.

"கல்லுன்னு தெரியாமயா இருக்கறேன்? கவுறு எங்கீங்க? கல்லு என்ன, அந்தரத்துலயா தொங்கும்?"

பவுடர் சார் என்னைப் பார்த்த பார்வை! நிஜச் சணல் கயிற்றைக் கட்டினோம். ஆர்டரும் தப்பியது, அவர் வேலையும் தப்பியது. எனக்குத்தான் தலை சுற்றியது.

இப்போது அவர் வெள்ளகோவிலில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். இங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் ஸ்கேனில் எதையாவது அழிக்கப் போனால் என் கை தானாகத் தடுக்கிறது.

"இருங்க. அது கல்லா இருந்தாலும் இருக்கும்."